மாப்பிள்ளை பக்கத்தில் கீதா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவருக்கு மட்டும் பெரிய டம்ளர். அவர் நிறைய டீ குடிக்கிறவர் என்பதால் அல்ல. ஆரம்பத்தில் எல்லோருக்கும் போலச் சின்ன டம்ளரில்தான் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கொஞ்சம் போடு" என்பார். போட்டால், "தூள் வாசனையே போயிடுச்சே, கொஞ்சம் டிகாஷன் வுடு" என்பார். விட்டால் கசக்கும், பால் கேட்பார். பால் விட்டால் சர்க்கரை குறைந்துவிடும். டம்ளர் வழிந்து மேஜையெல்லாம் ஈ மொய்க்க ஆரம்பித்த பிறகு, மாஸ்டர் தானாகவே பெரிய டம்ளருக்கு மாறிவிட்டார். அத்தனையையும் குடித்து முடித்து அவர் எழுந்திருக்கும்போது மாஸ்டர் ஆசையாகக் கேட்பார், "இன்னிக்கி எப்டி கீது?" என்று.

"நாளைக்கி பாக்கலாம்."

அவ்வளவுதான் அவர் தரும் பாராட்டு.

சாலவாக்கம் பக்கம் நிலம் உள்ளவர். ஏரிப்பாசனத்தில் நெல், மேட்டில் வேர்க்கடலை. கடலைக்கொல்லையில் ஒரு பொம்மை நட்டிருந்தார். அதற்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று தினமும் போய்ச் சரிசெய்வார். தள்ளி நின்று பார்ப்பார். திரும்பக் கிட்டே போவார். டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கொல்லையில் இரண்டு பொம்மை இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். காக்காய்களுக்குத்தான் விஷயம் தெரியும். அவை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

கெட்ட மனசு கிடையாது. யாரையும் திட்டமாட்டார், குரலைக்கூட உயர்த்தமாட்டார். எதுவும் இன்னும் கொஞ்சம் நன்றாக வரும் என்று நம்பினார், அது மட்டும்தான் அவரிடம் கோளாறு. மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் காட்டியபோது, "புள்ளையாரு கொஞ்சம் எளச்சிட்டா மாரி கீது" என்று சொன்னவர். நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, "பொண்ணு வூட்டுக்காரரே, சம்மதம்தானே?" என்று கேட்டார்கள். அவர் அண்ணாந்து பார்த்து, "பந்தல் அந்தாண்ட எறங்கிக் கீது, மொத்தல்ல அத்தப் பாருங்க" என்றார். அவர் மனைவி முந்திக்கொண்டு, "சம்மதம், சம்மதம்" என்று சொல்லித் தாம்பாளத்தை எடுத்து நீட்டிவிட்டாராம்.

அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது எங்கள் ஸ்டூடியோ. முதலாளியை அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் கேமரா, நான் எடிட்டிங். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, நடுவில் ஒரு சிவப்புத் திரை. இந்தப் பக்கம் பாஸ்போர்ட் போட்டோ, அந்தப் பக்கம் நானும் கம்ப்யூட்டரும்.

அதற்கு முன்பெல்லாம் வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, திருத்தங்களைப் போனில் கேட்போம். "மஞ்ச பொடவ கட்டிக்கினு ஒரு அம்மா வருவாங்களே, அதுக்கு அப்பால மேளக்காரர் தும்முவாரே, அங்க" என்பார்கள். அந்தத் தும்மலைத் தேடி அரைநாள் போகும். அண்ணனுக்குச் சென்னையில் விளம்பரப் படங்களில் வேலை செய்யும் ஒரு நண்பர் உண்டு. அவர்தான் இணையத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார். வீடியோவை அங்கே ஏற்றி, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். பார்க்கிறவர் வேண்டிய இடத்தில் நிறுத்தி, தன் கருத்தை அங்கேயே எழுதலாம். அது அந்த நொடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் சிவப்பு வட்டம் போட்டும் காட்டலாம். எல்லாம் திருப்தி என்றால் கீழே பச்சைப் பொத்தானை அமுக்கிவிடலாம். அமுக்கினால் ஒப்புதல். நாங்கள் ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவோம்.

திருத்தம் சொல்வதற்கென்றே யாரோ ஓர் இடம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சாலவாக்கத்துக்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்கவே முடியாது. "எத்தினி வேணா எழுதலாமா பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். எழுதலாம் பெரியப்பா என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவருக்கு டைப் அடிக்க வராது. போனிடம் பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். மறுநாள் காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது கருத்துகள் கீழே போய்க்கொண்டே இருந்தன.

'மாலை கோணலாக கீதா.'

'இங்கே இருட்டாக கீதா.'

'பந்தியில் ஒரே கூட்டமாக கீதா.'

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "யாரும்மா இந்த கீதா? எல்லா எடத்துலயும் கீறாளே?" என்றார். இருவரும் யோசித்தோம். சொந்தக்காரப் பெண்ணாக இருக்கவேண்டும், அவருக்கு ஆகாதவளாக இருக்கவேண்டும். வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் இப்படி ஜாடையாக எழுதுகிறார் என்று அண்ணன் முடிவு கட்டினார். வீடியோவை முழுக்க ஓட்டிப் பார்த்தோம். பச்சைப் பட்டில் ஓர் அம்மா மாலை மாற்றும்போதும் இருந்தார், பந்தியிலும் இருந்தார், இருட்டிலும் இருந்தார். "இவங்கதான் கீதா" என்றார் அண்ணன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்த அம்மாவை ஓர் இடம் விடாமல் வெட்டி எறிந்தேன். என் எடிட்டிங் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான வேலை அதற்கப்புறம் செய்ததில்லை.

புது வீடியோ போனதும் அவரே போன் செய்தார். "பாப்பா, என் தங்கச்சி எங்க? கல்யாணத்துக்கே வராத மாரி கீது! அது பாத்துச்சின்னா பேஜாரா பூடும்!"

"கீதாவை எடுக்கச் சொன்னீங்களே பெரியப்பா?"

"எந்த கீதா? எங்க ஊர்லயே கீதா இல்லியே."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. 'இருக்கிறது' என்பதற்கு அவர் 'கீது' என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் போன், படித்த போன், அதைக் 'கீதா' என்று திருத்தி எழுதியிருக்கிறது. மாலை கோணலாகக் கீது. இருட்டாகக் கீது. விளக்கிச் சொன்னேன். "போன் அப்டி எழுதிக்கினா நான் இன்னா பண்றது, நீ கீதுன்னு படிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் தங்கையைப் பழையபடி எல்லா இடத்திலும் கொண்டுவந்து உட்கார வைத்தேன். ஸ்டூடியோவில் நாங்களும் அந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டோம். மதியம் சாப்பாட்டைத் திறந்ததும் அண்ணன், "கொழம்பு எப்டி கீதா?" என்பார்.

பச்சைப் பொத்தான் மட்டும் அமுங்கவே இல்லை. மாலையை நேராக்கினால் மாலைக்குப் பின்னால் இருந்த வாழைமரம் சாய்ந்திருக்கும். சாம்பார் வாளியில் ஒழுகல். நாதஸ்வரக்காரர் கன்னம் ஒன்று பெரிதாக இருக்கும். "அது ஊதற கன்னம் பெரியப்பா, அப்படித்தான் இருக்கும்" என்றால், "ரெண்டையும் ஒண்ணாக்க முடியுமான்னு பாரேன்" என்பார். மாப்பிள்ளை முகத்தைச் சுற்றியும் சிவப்பு வட்டங்கள் வந்தன. தை மாதக் கல்யாணம், ஆடி பிறந்துவிட்டது. எங்களிடம் அதற்கப்புறம் வந்தவர்கள் ஆல்பம் வாங்கிக்கொண்டு போய், அது வீட்டில் அலுத்தும் போய்விட்டது. அவருடையது மட்டும் இன்னும் திருத்தத்தில் இருந்தது.

இதற்கு நடுவில் அவர் ஒரு காரியம் செய்தார். மாலை இப்போதாவது நேராக இருக்கிறதா என்று மகளும் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று லிங்க்கை அவளுக்கு அனுப்பிவிட்டார். லிங்க் கிடைத்தவர்களுக்கெல்லாம் கருத்துகளும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அதெல்லாம் எனக்கு மட்டும் வந்து சேருகிற ரகசியம் என்று நினைத்திருந்தார்.

மகள் வாழ்க்கைப்பட்டது திருப்புட்குழிப் பக்கம். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அந்தப் பெண் அடுப்பில் பாலை வைத்துவிட்டு லிங்க்கைத் திறந்திருக்கிறாள். ஓடிக்கொண்டே வந்த வீடியோவில், தாலி கட்டுகிற நேரத்தில், அப்பா பெயரில், நான் இன்னும் பார்த்திராத ஒரு புதுக் கருத்து.

'மாப்பிள்ளை பக்கத்தில் தொடர்பு கீதா. உடனே வெட்டிவிடு.'

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அவர் ஊரில் கீதா இல்லாமல் போகலாம். மாப்பிள்ளையின் கம்பெனியில் இருந்தாள். கல்யாணத்துக்கு வந்து சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டுப் போன கீதா. அந்தக் கடிகாரம் அந்த நேரத்தில் மகளின் தலைக்கு மேலேயே டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்ததாம். அப்பாவுக்குப் போன் செய்து, "நைனா, கீதாவப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் வழக்கம்போல், "எந்த கீதா?" என்றிருக்கிறார். மகள் மனசு நோகக்கூடாதென்று நைனா மறைக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தோளில் ஒரு பெரிய பையோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, அவ எந்த எடத்துல நிக்கறா? எனக்குக் காட்டுங்க. பாத்துட்டு நான் எங்க வூட்டுக்குப் போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் படியில் தடதடவென்று சத்தம். மாப்பிள்ளை ஹெல்மெட்டோடு வந்து நின்றார். பின்னாலேயே டூவீலரில் துரத்தி வந்திருக்கிறார். "சொன்னா கேளு, அந்தப் பொண்ணு எங்க லைன்ல வேல செய்யுது, அதுக்கு ரெண்டு புள்ளைங்க" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே பேசினார். அண்ணன் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்தார். சாலவாக்கத்திலிருந்து அவர் வந்து சேரும் வரைக்கும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் 'கீது' விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "கீதுன்னே வெச்சிக்குங்கக்கா. தொடர்பு கீதுன்னா இன்னா அர்த்தம்?" என்றாள் அவள்.

அவர் வந்தார். நேராகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினோம். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"இதுல இன்னா எழுதினீங்க பெரியப்பா?"

அவர் குனிந்து பார்த்தார். "தொடப்பம்."

"இன்னாது?"

"தொடப்பம் கீது பாரு, மாப்ளைக்குப் பக்கத்துல. எவனோ மேடைய பெருக்கிட்டு அங்கியே சாத்தி வெச்சிட்டுப் பூட்டான். அத்த வெட்டிடுன்னு சொன்னேன்."

பெரிதாக்கினேன். இருந்தது. மாப்பிள்ளையின் பட்டுவேட்டிக்கு ஒரு முழம் தள்ளி, பூ அலங்காரத்தில் சாய்ந்துகொண்டு, நல்ல புதுத் தென்னந்துடைப்பம்.

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. அண்ணன் திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தொடப்பம் சரி மாமா. என் மூஞ்சிக்கு இன்னாத்துக்கு வட்டம் போட்டுக் கீறீங்க?"

"பொட்டு ஒரு பக்கமா கீது மாப்ள."

"எல்லாத்துலயும் ஒரு வட்டம். நான் வந்த நாள்ல இருந்து, நல்லா கீறேன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல நீங்க. என்னப் புடிக்கலன்னுதான் இத்தினி நாளா நெனச்சிக்கினு கீறேன்."

அவர் திகைத்துப் போனார். "நான் யாரத்தான் சொல்லிக்கீறேன்?" என்றார். அது முழு உண்மை. எனக்கே பாவமாக இருந்தது.

மாப்பிள்ளை விடவில்லை. "தாலி கட்டறப்ப நிமுந்து உங்களத்தான் பாத்தேன். இது மாமா பொண்ணு, அவர் மொகத்த ஒரு தபா பாத்துட்டுக் கட்டுவோம்னு. நீங்க காணோம். இதுல நீங்க எங்க கீறீங்க, காட்டுங்க."

அவர் நம்பிக்கையோடு திரையில் விரலை வைத்தார். விரல் மகளிடமிருந்து மனைவிக்கு நகர்ந்து, மனைவியைத் தாண்டித் தங்கையிடம் போய், பிறகு ஒவ்வொரு தலையாகத் தேடியது. நான் இன்னும் பெரிதாக்கினேன். வாழைமரத்துக்குப் பின்னால், மேடை ஓரத்தில், குனிந்த ஒரு முதுகு தெரிந்தது. பட்டுச் சட்டை முதுகு. உலகமே எழுந்து நின்று அட்சதை போடுகிறது, அந்த முதுகு மட்டும் கார்ப்பெட்டை நீவிக்கொண்டிருக்கிறது.

"மடங்கிக் கெடந்துச்சி" என்றார் அவர், மெதுவாக. "யாருனா தடுக்கி வுயுந்துடுவாங்கன்னு..."

அவ்வளவு நாளாக அந்த இடத்தை அவர் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். துடைப்பத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். தான் அங்கே இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

"நான் பாக்கவே இல்லியே" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, தச்சரிடம் நாற்காலி காலைக் கேட்கிறாற்போலக் கேட்டார்: "இன்னொரு தபா கட்டச் சொல்ல முடியுமா?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மறுபடி கல்யாணம் பண்ண முடியாது. ஆனால் அவருடைய முகத்தை மட்டும் தனியாக எடுத்து அந்த இடத்தில் சேர்த்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் திரும்ப வந்தார்கள். அவர் அதே பட்டுச் சட்டை, அதே அங்கவஸ்திரம், அதே கைக்கடிகாரம் போட்டிருந்தார். நெற்றிச் சந்தனத்தை வீடியோவோடு ஒப்பிட்டு இரண்டு முறை அழித்து வைத்துக்கொண்டார். எங்கள் சிவப்புத் திரை கல்யாணத் திரையாகிவிட்டது. கை நிறைய அட்சதை கொடுத்து நிற்கவைத்தோம். அண்ணன் கேமராவுக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்டூலைக் காட்டி, "அங்க பொண்ணு மாப்ள நிக்கறாங்கன்னு நெனச்சிக்குங்க" என்றார்.

அவர் அந்த ஸ்டூலைப் பார்த்தார். "அதுக்கு ஒரு கால் ஆடுது" என்றார்.

வேறு ஸ்டூல் வைத்தோம். லைட் கண்ணைக் கூசுகிறது என்றார். திரை சுருக்கமாக இருக்கிறது என்று கையில் அட்சதையோடு போய் இழுத்துவிட்டார். எடுத்ததெல்லாம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் முகமாகவே வந்தது. அண்ணனுக்கே வெறுத்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். ஸ்டூலை நகர்த்திவிட்டு மனைவியை அந்த இடத்தில் நிறுத்தினார். பின்னால் போய் நின்று, அவள் கழுத்தில் இருந்த மஞ்சள் சரட்டின் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "அக்கா, மேளத்தப் போடுங்க" என்றார். கல்யாண வீடியோவிலிருந்து கெட்டிமேளத்தை முழுச் சத்தத்தில் வைத்தேன். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தலை நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தார். பிறகு குனிந்து, முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சைப் போட்டார்.

அவர் முகம் என்னவோ ஆனது. திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. கை தூக்க மறந்துவிட்டார். அட்சதை விரல் இடுக்கால் கசிந்து அவர் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது.

அதைச் சேர்த்து, துடைப்பத்தையும் எடுத்துவிட்டு, வீடியோவை ஏற்றினேன். சாயந்திரமே கருத்து வந்தது. அவர் தன்னைச் சுற்றியே சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

'இந்த ஆள் அழுவது ஓவராக கீதா. கொஞ்சம் குறைத்துவிடு.'

கீழே மாப்பிள்ளை எழுதியிருந்தார்: 'குறைக்காதீங்க அக்கா.'

கொஞ்ச நேரத்தில் பச்சைப் பொத்தான் எரிந்தது. உடனே அவரிடமிருந்து போன். "பாப்பா, நான் அமுக்கல. பொண்ணு வந்து புடுங்கி அமுக்கிடுச்சி." நான் சரி பெரியப்பா என்றேன். அதை ரத்து செய்யச் சொல்வார் என்று காத்திருந்தேன். "வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மகளுக்கு வளைகாப்பு அவர் வீட்டில் நடந்தபோது அதையே எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். கூடத்தில் டிவி, தெருவே உள்ளே உட்கார்ந்திருந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கெட்டிமேளம் வந்தது, அட்சதை பறந்தது, அவர் முகம் திரை முழுக்க வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒட்டு தெரியவில்லை.

"அண்ணே!" என்று ஒரு சத்தம். அவருடைய தங்கைதான், நான் ஒருமுறை வெட்டி எறிந்தவர். "தாலி கட்டறப்ப மட்டும் உனக்குத் தல நரச்சிக் கீது!"

கல்யாணத்தன்று அவர் தலைக்குக் கறுப்பாக மை அடித்திருந்தார். ஸ்டூடியோவுக்கு வந்த அன்று அடிக்கவில்லை. சட்டையைப் பார்த்தோம், சந்தனத்தைப் பார்த்தோம், கைக்கடிகாரத்தைக்கூடப் பார்த்தோம். அவர் உட்பட யாருமே தலையைப் பார்க்கவில்லை. வீடியோவில் மாலை மாற்றும்போது தலை கன்னங்கரேலென்று இருந்த மனிதர், கெட்டிமேளத்தில் வெள்ளையாகி, அடுத்த நொடி பந்தியில் மறுபடி கறுப்பாகிச் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடமே உருண்டு சிரித்தது. அவர் மனைவி வளையல் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார், "இன்னாத்துக்கு சிரிக்கறீங்க? பொண்ணக் கட்டிக் குடுக்கற நேரத்துல அப்பனுக்கு நரைக்காம இன்னா பண்ணும்?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய், "கறுப்பாக்கிக் குடுத்துடறேன் பெரியப்பா, ஒரு நாள் வேலைதான்" என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை தானாகத் தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

"வாணாம் பாப்பா" என்றார். "அது அப்டியே கெடக்கட்டும்."